முனிரத்தினத்துக்கு எழுதிய காகிதம்

பாவா,

உன் பைபிளை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். மஞ்சள் துணிப்பையில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தாள். "நீ படிக்கிறியோ இல்லியோ, பெரிய மனுஷன் கையில இருக்கட்டும்" என்றாள். அக்கா புருஷன் நீ போன பிறகு, இந்தக் குடும்பத்துக்குப் பெரிய மனுஷன் இப்போது நான்தானாம். பையைப் பிரித்ததும் நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை குப்பென்று எழுந்தது. நீ பக்கத்து அறையிலிருந்து எழுந்து வருவது போல இருந்தது. எதற்கும் அசையாத ஆள் நான், உனக்கே தெரியும். ஆனால் பையை மூடிவிட்டு வெளியே போய் சிறிது நேரம் நின்றேன்.

அது தெலுங்கு பைபிள். அதில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. நீ பிச்சாட்டூரில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நான் அத்தை வீட்டில் தங்கி ஊத்துக்கோட்டையில் ஏழாவது வரைக்கும் தமிழ் படித்தவன். வீட்டில் இரண்டு பேரும் பேசுவது ஒரே தமிழ்தான், படிக்க உட்கார்ந்தால் மட்டும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனாலும் நேற்று நம் சபைச் சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பைபிளை விரித்து வைத்து, விரலை வரிமேல் ஓட்டி, நடுநடுவே தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பக்கங்களுக்கு நடுவிலிருந்து அட்டை விழுந்தது. என் கையெழுத்து. புத்தாண்டு அன்று சபையில் ஆளுக்கொரு வசனமாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, நீ எடுத்தது.

அந்த அட்டைகளை எழுதியதைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். ஒரே மூச்சில் உட்கார்ந்து ஐந்நூறு அட்டை, அச்சு எழுத்து தோற்கும் என்று. நீ இருந்தால் "கொஞ்சம் கழிச்சிக்கினு சொல்லுடா மச்சான்" என்பாய். சரி, நூற்றுப் பத்து. மூன்று நாள் ஆனது. தெலுங்கு அட்டைகள் அச்சில் வந்துவிட்டன. தமிழ் படிக்கிற குடும்பங்களுக்காக என்னை எழுதச் சொன்னார் நம் சபைப் போதகர் அய்யகாரு. அவர் கொடுத்த பட்டியலில் அறுபது வசனம்தான் இருந்தது. மிச்சத்தை அவரிடம் போய்க் கேட்டால் எனக்கு வேதம் தெரியாது என்று ஆகிவிடாதா. நானே புரட்டி எடுத்தேன். ஆசீர்வாதம், சமாதானம், அறுவடை என்று எழுதி அலுத்துப்போய், நீதிமான், நீதி என்று கம்பீரமாக வரும் வசனங்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். புரியாதது எல்லாம் ஆழமானது என்பது என் எண்ணம்.

ஒன்றாம் தேதி காலை ஆராதனையில் தெலுங்குக் கூடை, தமிழ்க் கூடை என்று இரண்டு வைத்திருந்தார்கள். நீ தெலுங்குக் கூடையைத் தாண்டி வந்து, "என் மச்சான் எழுதினதுதான் எனக்கு" என்று தமிழ்க் கூடையில் கை விட்டாய். இடது கை. வலது கையில் டயாலிசிஸ் ஊசி குத்தி வீங்கியிருந்தது. அய்யகாரு வாங்கிப் பார்த்தார், ஒரு நொடி என்னைப் பார்த்தார், பிறகு படித்தார். விசுவாசம் மட்டும் போதாது, செய்கையினாலும்தான் மனுஷன் நீதிமான் ஆகிறான் என்று வரும் யாக்கோபின் வசனம். உன் பின்னாலேயே அக்கா எடுத்தாள். அவளுக்கு ரோமர். நியாயப்பிரமாணத்தின் செய்கைகள் இல்லாமலே, விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமான் ஆகிறான் என்று.

பின்வரிசையிலிருந்து யாரோ, "இன்னாங்க அய்யகாரு, பெண்டாட்டிக்கு ஒரு சட்டம், புருஷனுக்கு ஒரு சட்டமா?" என்றார். சபையே சிரித்தது. அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், உன்னால் படிக்க முடியாத அந்தத் தமிழை. அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். பதினோரு வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசாமல் வைத்திருந்த ஒன்றை நானே எழுதி உன் கையில் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தது.

அடுத்த நாளே ஆரம்பித்தாய். வாரத்துக்கு மூன்று நாள் பிச்சாட்டூரில் பஸ் ஏறி, புத்தூர் வழியாகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு உன்னை அழைத்துக்கொண்டு போனவன் நான். மைக்செட் கடையை மூடிவிட்டுத்தான் வந்தேன், அதையும் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு நாராயணவனம் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டாய்.

"முனிரத்தினம் எங்க கீறாரு, தெரியுமா?"

"எந்த முனிரத்தினம்?"

"நிஜம் செப்புரா."

உண்மையைச் சொல்லுடா என்பதைத் தெலுங்கில் சொன்னாய், கோபம் வந்தால் உனக்குத் தெலுங்கு வந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா நம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன். இதுவரை ஒரு தடவைகூட நான் அதை நடந்தபடி சொன்னதில்லை. கிறிஸ்மஸ் வாரம், சபைக்கு முன்னால் கீற்றுப் பந்தல். சீரியல் லைட் என்னுடையது. கைக்கு உதவியாக நீ வந்திருந்தாய். ஒயர் ஓர் இடத்தில் எட்டவில்லை, ஒட்டுப் போட்டேன். டேப் தீர்ந்துவிட்டது. கீழே கிடந்த பால் கவரைக் கிழித்து ஒட்டின்மேல் சுற்றி நூலால் கட்டினேன். "டேப் வாங்கியாரட்டுமா?" என்று கேட்டாய். "மந்திரி மீட்டிங்குக்கே லைன் இழுத்தவன் நானு, எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றேன். நீ சும்மா இருந்துவிட்டாய். மத்தியானம் மூன்று மணிக்கு சுவிட்சைப் போட்டோம், டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது பந்தல் எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே ஓடியவர் சபை வாட்ச்மேன் முனிரத்தினம். எரிகிற கீற்றுக்கு நடுவில் புகுந்து என் ஆம்ப்ளிஃபயரை இழுத்து வெளியே போட்டார். இடது உள்ளங்கை வெந்துபோனது. அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் காரணம் கேட்டபோது, அதே ஆம்ப்ளிஃபயரில் மைக் போட்டு நான் எழுந்து நின்றேன். முனிரத்தினம் பந்தலுக்குள் உட்கார்ந்து பீடி குடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அதோடு நிறுத்தினேனா? இரண்டு பீடி, இரண்டாவதை அணைக்காமல் கீற்றில் செருகினார், நான் எச்சரித்தேன், அவர் கேட்கவில்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கண்முன் தெரிந்தது. பெரியவர்கள் உன்னைக் கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். "மச்சான் சொல்றது சரிதான்" என்றாய்.

வேலை போனது. திருவிருந்தில் அவருக்கு அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கக்கூடாது என்று நிறுத்தினார்கள். கட்டுப் போட்ட கையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் என்னைச் சங்கப் பெரியவர்களில் ஒருவனாகச் சேர்த்தார்கள். பந்தல் எரிந்த சமயத்தில் துணிந்து பேசியவன் என்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பஸ் பயணமும் எனக்குக் கோர்ட்டாகிவிட்டது. நீ நேராகச் சண்டைக்கு வரமாட்டாய். வசனத்தில்தான் ஆரம்பிப்பாய்.

"மச்சான், பவுலு ஆபிரகாமைக் கூட்டியாந்து, பாரு இவரு நம்பினாரு, அதுவே நீதியாச்சுங்கறாரு. யாக்கோபும் அதே ஆபிரகாமைக் கூட்டியாந்து, பாரு இவரு பிள்ளையைப் பலிபீடத்துல வெச்சாரு, அப்பதான் நீதிமான் ஆனாருங்கறாரு. ஒரே சாட்சி, ரெண்டு கட்சிக்கும். எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தான். வேதத்துல பொய் இருக்குமா?"

"அப்ப எது எனக்கு?"

"உனக்கு ரோமர். நீ நம்பறே இல்ல? அவ்ளோதான். அதுக்கு மேல போய்க் கிளறினா, கடவுள் மன்னிச்சதை நீ நம்பலேன்னு அர்த்தம். அதுதான் பெரிய பாவம்."

எவ்வளவு அழகாகச் சொன்னேன் பார். பக்கத்து சீட்டுக்காரர்கூடத் தலையாட்டினார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "நீ ரோமரைப் புடிச்சிக்கினு கீறது எதுக்குன்னு எனக்குத் தெரியும்டா" என்றாய். சத்தம் இல்லாமல்தான் சொன்னாய். நான் ஆட்டோ பிடிக்கிற சாக்கில் முன்னால் நடந்தேன்.

கள்ளனையும் இழுத்தேன். சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன நற்செயல் செய்தான், எந்த ஊருக்குப் போய் யாரிடம் மன்னிப்புக் கேட்டான், கடைசி மூச்சில் நினைத்தருளும் என்றான், அன்றைக்கே பரதீசு கிடைத்ததா இல்லையா என்று மடக்கினேன். நீ சொன்ன பதில் இது.

"அவன் கையில ஆணி அடிச்சிருந்துச்சு. என் கையில ஊசிதான் கீது. வரதய்யபாளையத்துக்கு பஸ்ஸும் ஓடுது."

முனிரத்தினம் இருக்கும் ஊர் உனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஸ்ரீசிட்டி கம்பெனி வேன் டிரைவர் சொல்லியிருக்கிறான். நீ அந்த லைனில் இருபது வருஷம் வண்டி ஓட்டியவன் ஆயிற்றே. அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்பதுவரை கேட்டு வைத்திருந்தாய். எனக்கும் அது தெரியும் என்பதை உன்னிடம் சொல்லவில்லை. போன வருஷம் தை மாதம் அந்த மண்டபத்துக்கு மைக்செட் போட நான்தான் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைத் தூரத்தில் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றேன்.

அய்யகாரிடம் போனேன். உன்னைத் தடுக்க அவரால் முடியும் என்று கணக்குப் போட்டேன். விஷயத்தைச் சொல்லாமல் வசனத்தை மட்டும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பெரியவரே, சுடுதண்ணியில கை வெச்சவனுக்கு ஒரு மருந்து, பனியில விறைச்சவனுக்கு ஒரு மருந்து. செய்கையைக் காட்டிப் பெருமை அடிச்சவங்களுக்கு பவுல் எழுதறார். நம்பறேன்னு வாயால சொல்லிக்கினு அசையாம கீறவங்களுக்கு யாக்கோபு எழுதறார். ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி டாக்டருங்கதான்" என்றார். அப்புறம் என் முகத்தையே பார்த்து, "உங்க பாவாவுக்கு எதைப் பத்தி பயம்?" என்று கேட்டார்.

"சாவைப் பத்திதான் அய்யகாரு. பாவம், ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல" என்றேன்.

அவர் மறுநாளே திருப்பதிக்கு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று உனக்காக ஜெபித்தார். சாவுக்குப் பயப்படாதே என்று ஜெபித்தார். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய், அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு சபை முடிந்ததும் வரதய்யபாளையம் போகலாம் என்றாய். சனிக்கிழமை மாலை உன் வீட்டுக்கு வந்து, விசாரித்தேன், முனிரத்தினம் அங்கே இல்லையாம், மகளோடு சென்னைப் பக்கம் போய்விட்டாராம், யாருக்கும் விலாசம் தெரியவில்லையாம் என்றேன். மண்டபத்து மேனேஜர் எனக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். காபி வந்ததும் உனக்குச் சந்தேகம் போய்விட்டது. நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். அக்கா சமையலறையிலிருந்து, "அப்ப நாளைக்கு வேற என்ன துன்னறது, கறி எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நாள் தள்ளினால் போதும் என்றுதான் பார்த்தேன் பாவா. உன் நாட்கள் எவ்வளவு என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இதயம் தாங்காது என்றார். அது தெரிந்துதான் தள்ளினேன்.

பங்குனியில் ஒரு நாள் மெஷினில் இருக்கும்போதே என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாய். மடியில் இந்தத் தெலுங்கு பைபிள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாய்.

"அந்தக் கள்ளன் ஒண்ணும் செய்யலேன்னு சொன்னே இல்ல. செஞ்சிருக்கான்டா. நாம தண்டனைக்கு உரியவங்க, இவரு ஒரு தப்பும் பண்ணலேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கான். கையும் கட்டு, காலும் கட்டு. வாய்தான் மிச்சம். அந்த வாயால நிஜமான சாட்சி சொல்லிட்டுத்தான் நினைச்சுக்கோன்னு கேக்கறான்."

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். நீ விடவில்லை.

"நமக்கும் அதுதான் பாக்கி. எழுது."

"இன்னாத்த எழுத?"

"முனிரத்தினத்துக்குக் காகிதம். அவருக்குத் தமிழ்தான் தெரியும். எனக்கு எழுத வராது. நீ எழுது. எங்க கீறாருன்னு கண்டுபுடிச்சுக் குடு."

நர்ஸம்மாவிடம் ஒரு தாள் வாங்கினேன். நீ சொல்லச் சொல்ல எழுதினேன். நீ சொன்னது இது: "முனிரத்தினம் அண்ணா, ஒயருக்குப் பால் கவர் சுத்தினது என் மச்சான். பாத்துக்கினு சும்மா இருந்தது நான். நீ பீடி குடிச்சேன்னு அவன் சொன்னது பொய். ஆமான்னு நான் சொன்னதும் பொய். உன் கை வெந்தது எங்களால." அவ்வளவுதான். மன்னித்துவிடு என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டேன். "அது அவரு இஷ்டம்" என்றாய்.

நான் எழுதியது வேறு. கர்த்தருக்குள் பிரியமான சகோதரருக்கு என்று ஆரம்பித்து, ஒயர் பழையது, தீப்பிடித்த காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது, புகை மூட்டத்தில் உங்கள் கையில் பீடி இருந்தது போல் எங்களுக்குத் தவறுதலாகத் தோன்றியிருக்கலாம், எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று தாள் நிறைய எழுதினேன். அச்சு எழுத்து தோற்கும் கையெழுத்து. நீ சொன்னது ஐந்து வரி, நான் எழுதியது ஒரு பக்கம். தாளைப் பார்த்து உன் புருவம் ஏறியது.

"படி."

படித்தேன். தாளில் இருந்ததை அல்ல. நீ சொன்ன ஐந்து வரியை, ஒரு சொல் விடாமல், விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே படித்தேன். எழுத்தைப் பார்த்தபடி கேட்டாய். உனக்கு அது வெறும் கோடுகள். "சரி" என்று சொல்லிவிட்டு, தாளின் அடியில் தெலுங்கில் உன் பெயரைக் கையெழுத்துப் போட்டாய். என் பொய்க்குக் கீழே உன் பெயர்.

அதிலிருந்து மூன்றாம் வாரம் நீ எழுந்திருக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். காலை வெயில் உன் கட்டில்வரைக்கும் வந்திருந்தது. அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய்.

"குடுத்தியா?"

இந்த மடல் முழுக்க இந்த ஒரு கேள்விக்காகத்தான் பாவா. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குக் கொடுக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "குடுத்துட்டேன்" என்றேன். உன் முகம் இளகியதைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தேன் என்றேன். படித்துவிட்டு அழுதார், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பாவாவை மன்னித்துவிட்டேன், நிம்மதியாக இருக்கச் சொல் என்றார் என்று சொன்னேன்.

நீ மெதுவாகக் கேட்டாய். "முனிரத்தினம் அழுதாரா?"

"அழுதார் பாவா."

"கை வெந்தப்பகூட அழல அவரு."

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாய். அக்கா ஸ்பூனை வாயருகே கொண்டுபோனாள், நீ வாங்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாய். நீ என்னை நம்பித்தான் கண்ணை மூடினாயா, இல்லை என் பொய் தெரிந்து, இனி இவனிடம் கேட்டுப் பயனில்லை என்று மூடினாயா என்று எனக்குத் தெரியாது. உன் அடக்கத்தில் மைக் என்னுடையதுதான். அரை மணி நேரம் பேசினேன். எல்லோரும் அழுதார்கள். பேசும்போதெல்லாம் சட்டைப் பையில் அந்தத் தாள் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அக்கா கூப்பிட்டாள். "அந்த முனிரத்தினம் நல்ல மனுஷன்டா. அவரு மன்னிச்சாருன்னு நீ வந்து சொன்ன ஒரு வார்த்தையிலதான் உன் பாவா நிம்மதியாப் போனாரு. ஒரு தடவை அந்த மனுஷனைப் பாத்து நான் கும்புடணும். கூட்டிக்கினு போ."

அக்காவைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவேன்? அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் தனியாக பஸ் ஏறினேன். நாகலாபுரத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன், கண்டக்டர் "டிக்கெட் வரதய்யபாளையம்தானே?" என்றார், உட்கார்ந்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம் இல்லை. முனிரத்தினம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அண்ணா, பாவா தவறிட்டாரு" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"உங்களுக்கு ஒரு காகிதம் குடுத்தாரு."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். விரித்தார், தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணணும். நீயே படி" என்று திருப்பிக் கொடுத்தார்.

வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, அதன் பீப் சத்தம் நிற்கும்வரை நின்றேன். கையில் இருந்தது என் எழுத்து. என்ன படிக்க? இருக்கிறதைப் படித்தால் பிழைத்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது உன் ஐந்து வரிதான் வந்தது. மெஷின் பக்கத்தில் நீ மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் எனக்கும் மூச்சு வாங்கியது. படித்து முடித்தேன்.

அவர் அழவில்லை. நீ சொன்னது சரி. இடது கையை மடக்க முடியாமல் தொட்டியின் விளிம்பில் வைத்திருந்தார். உள்ளங்கைத் தோல் பளபளவென்று இழுத்துக் கிடந்தது.

"குடு. சாயங்காலம் பொண்ணு வரும். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேக்கணும்."

தாளைக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. அவர் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா?"

"இதுல இருக்கறது அது இல்லண்ணா" என்றேன்.

சொன்னேன். எல்லாவற்றையும். தாளில் நான் என்ன எழுதினேன், உனக்கு எதைப் படித்துக் காட்டினேன், நீ போகும் முன்னால் என்ன புளுகினேன், அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று சொன்னதுவரை. அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. "நானா? உன்னையா?" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. எனக்கு அடி விழுந்தாலும் அந்தச் சிரிப்பு அளவுக்கு வலித்திருக்காது.

பேனா வாங்கினேன். தாளைத் திருப்பி, தொட்டியின் விளிம்பில் வைத்து, பின்பக்கத்தில் உன் ஐந்து வரியை எழுதினேன். ஈரம் பட்டு எழுத்து இரண்டு இடத்தில் கலைந்தது. கீழே என் பெயரைப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? பீடி குடிக்கலேன்னு எனக்குத் தெரியும். நீ எங்க நின்னுக்கினு சொன்னே? அங்க நின்னு சொல்லு. என்னை நிறுத்தினவங்க கேக்கணும்."

"சொன்னா என்னை மன்னிப்பீங்களாண்ணா?"

"அதை இப்ப ஏன் பேசறே" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

நீ பஸ்ஸில் கேட்டதற்கு இப்போதும் எனக்குப் பதில் தெரியாது பாவா. அய்யகாரு சொன்ன இரண்டு மருந்தில் எனக்கு எது என்பது மட்டும் தெரிகிறது. உனக்கு எது பலித்தது, நீ நம்பியதா, சொல்லச் சொன்னதா, நீ போன பிறகு நான் செய்தது உன் கணக்கில் சேருமா என்பதெல்லாம் என் ஏழாம் வகுப்புக்கு எட்டவில்லை. அந்தத் தாளை எனக்குத் தெரியாத தெலுங்கில் நீ போட்ட கையெழுத்தோடு சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். முன்பக்கம் என் புளுகு, பின்பக்கம் உன் வார்த்தை. எந்தச் சட்டை மாற்றினாலும் அதுவும் மாறுகிறது.

இன்று காலை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் நாளைக்குச் சபைக்கு வருகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லி அனுப்பினாள். நாளைக்குச் சங்கக் கூட்டம். மைக்கை நானே போட்டுவிட்டு வந்திருக்கிறேன், புது ஒயர். பெரியவர் பதவி போகும். என் மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் உட்காருவார்கள். முனிரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மத்தியானத்திலிருந்து கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒட்டிக்கொள்கிறது. நான் எவ்வளவு வருந்தினேன், நீ எப்படி என்னைத் திருத்தினாய், தீ எவ்வளவு உயரம் என்று. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். மிஞ்சியது இதுதான்.

ஒயர் என்னுடையது. டேப் இல்லாமல் பால் கவர் சுற்றியது நான். முனிரத்தினம் பீடி குடிக்கவில்லை. நான் பார்த்தேன் என்று சொன்னது பொய். அவர் கை வெந்தது என் பொருளை எடுக்கப் போய்.

— உன் மச்சான்